சிப்பிமேட்டுக் காற்றாடியின் ஈரம்

வாங்கோங் கடற்கரையில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. குளிர்காலத்தில் வடகாற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும். கோடையில் காற்று செத்துப்போய்ப் புழுங்கும். நடுவில் மழை. நான் மாடியில் குடியிருந்த ஹுங் வீட்டில் சாய்-யுன் அக்கா, சவுக்குத் தோப்போரம் கயிறு கட்டித் துணி போடுவாள். சாயங்காலம் எடுக்கும்போது முகர்ந்து பார்த்து, "காஞ்ச மாதிரி இருக்கு" என்பாள். காய்ந்துவிட்டது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

சவுக்குத் தோப்புக்கு அப்பால், மின்சாரம் எடுக்கும் ராட்சதக் காற்றாடிகள். நான் அந்தக் கம்பெனியின் கடலோர அலுவலகத்தில் திரை பார்க்கும் வேலையில் இருந்தேன். எந்தக் காற்றாடி ஓடுகிறது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது. சாயங்காலம் பேருந்து பிடித்து நகரத்துக்குப் போய் மின்பொறியியல் மாலை வகுப்பில் உட்காருவேன். அக்காவின் கணவர் தியென்-லு அண்ணன் பராமரிப்புக் குழுவின் தலைவர். அக்காவின் தம்பி ஆ-கெங் அதே குழுவில் வேலை. ஒரே வீடு, ஒரே வண்டி, ஒரே சாப்பாட்டு மேஜை.

காற்று ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஏறும், இறங்கும், நிற்கும். அந்தத் தள்ளாட்ட மின்சாரத்தை வாங்கி ஊருக்கு ஏற்ற சீரான மின்சாரமாக்கித் தருவது கோபுரத்தின் அடியில் நிற்கும் கன்வெர்ட்டர். ஆளுயர இரும்பு அலமாரி. உள்ளே செப்புப் பட்டைகள், கைப்பிடி அளவு மின்னணுச் சில்லுகள். மேலே சுற்றும் இறக்கைகளைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். ஆனால் அதிகம் கெடுவது கீழே இருக்கும் இந்த அலமாரி.

எங்கள் வரிசையில் சிப்பிமேட்டுக் காற்றாடியின் அலமாரி மட்டும் திரும்பத் திரும்ப வெடித்தது. ஊரார் உடைத்துப் போடும் சிப்பி ஓடுகள் மலையாகக் குவிந்திருக்கும் மேட்டுக்குப் பக்கத்தில் நின்றதால் அதற்கு அந்தப் பெயர். மூன்றாவது முறை வெடித்தபோது ஆ-கெங் கோபுரக் கதவருகில் நின்றான். தீப்பிழம்பு அவன் ஒரு பக்கப் புருவத்தைத் தடவிவிட்டுப் போனது.

தைபே தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் அலமாரிக்குள் ஈரத்தின் தடத்தைக் கண்டார்கள். அலமாரிக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை, வெளி ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். கடைசியாகக் கதவு சாத்தியது ஆ-கெங்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அக்கா சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். கத்தியை இடுக்கில் விட்டு ஒரு திருகு. சதை கிண்ணத்தில், ஓடு கூடையில். ஆ-கெங் எதிரே குத்துக்காலிட்டு, சர்க்கரைவள்ளிக் கஞ்சியில் உப்பு முள்ளங்கி முட்டை அடையைப் பிட்டுப்போட்டுச் சாப்பிட்டான்.

"புருவம் முளைச்சுதாடா?"

"பாதி முளைச்சிருக்கு. மிச்சத்த பேனாவால வரைஞ்சுக்கறேன்."

"சிரிக்காத. மூஞ்சி வெந்திருந்தா உனக்கு எவடா பொண்ணு குடுப்பா?"

"வேகாத மூஞ்சிக்கு மட்டும் வரிசைல நிக்கறாங்களாக்கும்."

தியென்-லு அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார். அக்கா ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள், அவர் வாங்கவில்லை.

"மேனேஜர் ஷி பேசினாரு" என்றார். "பேய் மாசம் முடிஞ்சதும் ஆ-கெங்க நிறுத்திடச் சொல்றாரு."

அக்காவின் கத்தி நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? அவன்தான் சாத்தினான்."

"சாத்தினேன் அத்தான்" என்றான் ஆ-கெங். "நாலு பக்கமும் கை வச்சு அழுத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப ஈரம் எப்படிடா உள்ள போச்சு? காலு மொளச்சு நடந்து போச்சா?"

"அது எனக்குத் தெரியாது."

"தெரியாதுல்ல. பட்டறைல வேலை பாத்தப்பவும் இதான் சொன்ன. தெரியாது, தெரியாது. நான்தான் உன்ன இழுத்துட்டு வந்து, என் மச்சான், நல்ல பையன்னு சொன்னவன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுட்டு அவருகிட்ட பேசுவேன்?"

ஆ-கெங் கிண்ணத்தைக் கீழே வைத்தான். இங்கே விலக்கினால் வேறு எந்தக் காற்றாடிக் கம்பெனியும் அவனைச் சேர்க்காது. பட்டறை, மீன் பதனிடும் ஆலை, டெலிவரி வண்டி என்று அலைந்தவனுக்கு ஒட்டிப்போன முதல் வேலை இது. உச்சிக்கு ஏறி இறங்கிய நாட்களில் அவன் குரலே வேறாக இருக்கும். அன்று முதல் அவன் கொட்டகையிலேயே சாப்பிட்டான். அண்ணன் உள்ளே சாப்பிட்டார். அக்கா இருவருக்கும் பரிமாறிவிட்டு, எந்தப் பக்கமும் உட்காராமல் அடுப்படியில் நின்றுகொண்டே குடித்தாள்.

அந்த வாரம் மாலை வகுப்பில் ஆசிரியர் ஒரு கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டு மேஜை மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் வெளிப்புறம் வியர்த்தது. "தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? டம்ளர் ஓட்டையா?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடிய அலமாரிக்குள் இருக்கும் காற்றிலும் ஈரம் உண்டு. காற்றாடி நின்று, உள்ளே செப்பு குளிர்ந்தால், அதன் மேலும் இப்படித்தான் வியர்க்கும். அந்த நேரம் பார்த்து ஓட்டினால் வெடிக்கும். அதற்காகத்தானே அலமாரிக்குள் ஒரு ஹீட்டரும், ஈரம் பார்க்கும் சென்சாரும் இருக்கின்றன? சென்சார் ஈரம் என்றால் ஹீட்டர் எரியும், காய்ந்தது என்றால் அணையும். திரையில் நான் தினமும் பார்க்கிறேன், சிப்பிமேட்டில் எப்போதும் காய்ந்தே இருக்கிறது. அப்படியானால் நான் நினைப்பது தப்பு.

தப்பு என்று நினைத்தபடியே பரிசோதனைக் கூடத்திலிருந்து ஈரம் அளக்கும் சின்னக் கருவிகள் மூன்றைக் கேட்டு வாங்கி வந்தேன்.

ஆ-கெங்கிடம் சொன்னபோது, "வேலை போகப்போறவன் கூட சேந்தா உனக்கும் போகும் பெய்-யீ" என்றான். ஆனாலும் மறுநாள் மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, கருவிகளை அடியிலும் நடுவிலும் உச்சியிலும் தொங்கவிட்டு அலமாரியைச் சாத்தினான். புதுச் சில்லு வரும்வரை காற்றாடி எப்படியும் நிற்கத்தான் போகிறது. ஹீட்டருக்கு மட்டும் தனி இணைப்பு.

அடுத்த நாள், செத்தவர்கள் வெளியே வந்து அலைவதாக நம்பும் பேய் மாதத்தின் படையல். கோபுர வாசலில் மடக்கு மேஜை போட்டு அன்னாசி, நூடுல்ஸ் பொட்டலங்கள், குளிர்பான டப்பாக்கள், பொரித்த பால்மீன் எல்லாம் வைத்திருந்தோம். கம்பெனியே வருடாவருடம் அனுமதிப்பதுதான். அலைகிற ஆவிகள் தின்றுவிட்டு மெஷினைத் தொடாமல் போகட்டும். அண்ணன் ஊதுபத்தி கொளுத்தி மூன்று முறை குனிந்தார். ஆ-கெங் கொஞ்சம் தள்ளி நின்று குனிந்தான்.

அதன்பின் அலமாரியைத் திறந்தோம். அடியில் தொங்கிய கருவி நன்றாகக் காய்ந்திருப்பதாகக் காட்டியது. நடுவிலும் உச்சியிலும் தொங்கியவை நல்ல ஈரம் என்றன. மலிவுக் கருவிகள், கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இடம் மாற்றித் தொங்கவிட்டு மறுபடி சாத்தினோம். சாப்பிட்டு வந்து திறந்தால் அதேதான்: கீழே காய்ந்திருக்கிறது, மேலே ஈரம்.

"கருவி சரியில்லையோ என்னவோ" என்றேன்.

ஆ-கெங் மேலே இருந்த செப்புப் பட்டையில் விரலை இழுத்து என் முகத்துக்கு நேரே காட்டினான். விரல் நுனி பளபளத்தது. "இதுவும் மலிவு விரலா?"

"என்னடா அங்க குசுகுசுன்னு?" அண்ணன் வந்தார். கையில் புதுப் பச்சைப் பை.

அந்தப் பையைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சோளப்பொரிப் பை, அதன் பெயருக்கே 'சமர்த்தா இரு' என்று அர்த்தம். வங்கியில், ஆஸ்பத்திரியில், ரயில் நிலையத்தில், எங்கள் அலுவலகத் திரை மேல் என்று கெடக்கூடாத எந்த மெஷின் மேலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். மஞ்சள் ஆகாது, சிவப்பு ஆகவே ஆகாது. பச்சை விளக்கு எரிய வேண்டுமென்றால் பச்சைப் பை. தேதி தாண்டியிருக்கக் கூடாது. யாரும் பிரித்துத் தின்னவும் கூடாது. மற்ற காற்றாடிகளில் அண்ணன் அதை அலமாரியின் தலைமேல் வைப்பார். சிப்பிமேட்டில் முதல் முறை வெடித்த பிறகு உள்ளே வைத்தார். "வெளிய வச்சா அதுக்கு எப்படிக் கேக்கும்?" என்று அப்போது சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். தைபே ஆட்கள் வரும்போது எடுத்துவிடுவார். போனதும் புதிதாக வைப்பார். அலமாரிக்குள் எதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. அந்த 'எதுவும்' என்பதில் பச்சைப் பையும் சேரும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அண்ணன் குனிந்து பழைய பையை எடுக்கப் போனார். அப்போதுதான் பார்த்தேன். தினமும் கண்ணில் பட்ட ஒன்றை.

"அண்ணே, எடுக்காதீங்க. அப்படியே விடுங்க."

"ஏன்?"

"அதுக்குப் பின்னாடி பாருங்க."

பை உப்பிப்போய் மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் ஹீட்டர். ஹீட்டருக்குப் பக்கத்திலேயே சென்சார். இரண்டும் ஒரே போர்வைக்குள் படுத்துக் கிடந்தன.

"ஹீட்டர் சூடு இந்தப் பையத் தாண்டி வரல. சென்சார் அந்தச் சூட்டுக்குள்ளயே இருந்துகிட்டு காஞ்சிடுச்சு, காஞ்சிடுச்சுங்குது. உடனே ஹீட்டர் அணைஞ்சுடுது. மேல ஒண்ணும் காயல. நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம்..."

"ஒரு பொரிப் பை" என்றார் அண்ணன். "ஒரு பொரிப் பை இத்தனாம் பெரிய மெஷின..."

ஆ-கெங் பையை எடுத்து வெளியே வைத்தான். அலமாரியைச் சாத்தினான். நாங்கள் படையல் காகிதங்களை எரித்து, மேஜையை மடக்கி, கொஞ்சம் சூடு ஆறிப்போன பால்மீனைத் தின்றோம். திரும்பப் போய்த் திறந்தபோது ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. உச்சிக் கருவியின் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆ-கெங் மறுபடி பட்டையில் விரலை இழுத்தான். இந்த முறை விரலை யாருக்கும் காட்டவில்லை, கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அண்ணன் கோபுரப் படியில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஆ-கெங் என்னோடு வந்தான். "அக்காகிட்ட சொல்லிடாத."

"அப்ப உன் வேலை?"

"நான் ஒத்த ஆள். தெக்க போனா ஆழ்கடல் கப்பல்ல ஆள் எடுக்கறான். அத்தானுக்கு இந்த வயசுல யாரு வேலை தருவா? முட்டி வேற வலிக்குதுன்றாரு. ராத்திரி எண்ணெய் தேக்கறது எனக்குத்தான் தெரியும்."

"அவரே சொல்லணும்ல?"

"சொன்னா சொல்லட்டும். நானா கேட்டு வாங்க மாட்டேன்."

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவைப் பார்த்தால் வாய் வரை வரும். என் கணக்கு தப்பாக இருந்தால்? சரியாக இருந்தால் மட்டும் இந்த வீடு என்ன ஆகும்? வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை. அக்கா தம்பிக்காக உப்பு முள்ளங்கி ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான்; கப்பலில் வாய் செத்துப்போகுமாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் கொட்டகைக்கு வந்தார். ஆ-கெங் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அக்கா உடைத்துப்போட, நான் சிப்பி கழுவிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஜாடியப் பிரி" என்றார் அக்காவிடம்.

"எதுக்கு?"

"அவன் எங்கயும் போகல."

"அத்தான்..." என்றான் ஆ-கெங்.

"நீ சும்மா இரு. சாய்-யுன், அவன் கதவ ஒழுங்காத்தான் சாத்தியிருக்கான். மெஷின கெடுத்தது நான்."

சொன்னார். ஹீட்டர், சென்சார், பை. வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே சிப்பி உடைத்தாள். கத்தி நிற்கவில்லை.

"பையத் தேதி பாத்து வாங்கிக் குடுத்தது நான்" என்றாள்.

"தேதி நீ பாத்த. எடம் நான் பாக்கல."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"படையல் அன்னிக்கு."

அப்போதுதான் கத்தி நின்றது. "படையல் அன்னிக்கா? அதுக்கப்புறம் எத்தன வேள என் கையால வாங்கிக் கஞ்சி குடிச்சீங்க? நான் இந்த ஜாடியச் சுத்தறப்ப பக்கத்துல நின்னு கயிறு புடிச்சீங்களே, ஹுங் தியென்-லு!" அவள் கணவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். "வெடிச்சது மெஷினு. அது போகட்டும். எந்தம்பி அங்க நின்னான். கோபுரக் கதவுக்குப் பதிலா அலமாரிப் பக்கம் நின்னிருந்தா? அப்பவும் அவன் கதவ சாத்தலன்னு சொல்லி எடுத்துட்டுப் போயிருப்பீங்களா அவன?"

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் தெரியுமாடா?"

ஆ-கெங் கூடையைப் பார்த்தான்.

"பெய்-யீ, உனக்கு?"

"தெரியும்க்கா."

"நல்ல வீடு" என்றாள். "நாலு பேர்ல மூணு பேருக்குத் தெரியும். சோறு போடறவளுக்குத் தெரியாது." கையுறையைக் கழற்றி எறிந்தாள். பிறகு தம்பியிடம் போய், முளைத்தும் முளைக்காமலும் இருந்த அந்தப் புருவத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "பைத்தியக்காரா, கப்பல்ல போறானாம் கப்பல்ல. குளத்துலயே நீந்தத் தெரியாது."

அண்ணன் கைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, சிப்பி மேஜை மேல் வைத்தார். மேனேஜர் ஷியின் குரல் வந்தது. அண்ணன் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"பொரிப் பையா?" என்றார் ஷி கடைசியில்.

"ஆமா."

"என்ன கலர்?"

"பச்சைதான்."

"பச்சை வச்சுமா வெடிச்சுது?"

ஆ-கெங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவள் தோளும் குலுங்கியது.

"தியென்-லு, இத நான் தைபேல எப்படிச் சொல்ல?"

"உள்ளத சொல்லுங்க. ஆ-கெங் மேல தப்பில்ல. அத மொதல்ல சொல்லுங்க. அப்புறம், பை மட்டும் இல்ல சார். சென்சார அடியில வச்சதும் தப்புதான். மொதத் தடவ பை இல்லாமலே வெடிச்சுதே, மேல ஈரம் இருந்தா அதுக்குத் தெரியாது. உச்சில ஒண்ணு வேணும். நின்னு கெடந்த காத்தாடிய காத்து வந்த உடனே ஓட்டக் கூடாது, உச்சி காயற வரைக்கும் சூடு பண்ணணும். எல்லாக் காத்தாடிக்கும்."

"அவ்வளவு நேரம் காத்து வீணாகுமேப்பா."

"சில்லு வெடிச்சா மாசக்கணக்குல வீணாகுது."

அண்ணனிடமிருந்து குழுத் தலைமையை எடுத்துவிட்டார்கள். மறுபயிற்சி முடியும்வரை கோபுரத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். திரை பார்க்கத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார், சின்ன எழுத்துகளைத் திட்டுவார். ஆ-கெங் வேலையில் இருந்தான். சிப்பிமேட்டின் உச்சிச் சென்சாரை அவன்தான் மாட்டினான். வீட்டில் எல்லோரும் ஒரே மேஜைக்குத் திரும்பினார்கள். அத்தானும் மச்சானும் உப்பு நகர்த்து, சோயா எடு என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதத்து வடகாற்று ஒரு காலையில் வந்தது. முதலில் சவுக்குத் தோப்பு இரைந்தது. அப்புறம் ஜன்னல் கண்ணாடியில் மணல் விழுந்தது. கோடை முழுக்கத் தூங்கிய காற்றாடிகள் சூடேறி, வடக்கிலிருந்து ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கின. சிப்பிமேடு மட்டும் நின்றது. அதன் உச்சி காயவில்லை. பழுது பார்த்த பிறகு முதல் ஓட்டம். ஆ-கெங் அங்கே இருந்தான்.

தொலைபேசி அடித்தது. "மத்ததெல்லாம் ஓடுது. அது ஏன் நிக்குது?" என்றார் மேனேஜர் ஷி. அண்ணன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"மேல இன்னும் ஈரம் சார்."

"என் திரைல எல்லைக்குள்ள வந்துருச்சே. ஓட்டலாமே!"

"எல்லையத் தொட்டுக்கிட்டு நிக்குது. ஆ-கெங் இன்னும் சரின்னு சொல்லல."

"அவன் என்ன சொல்றது? நீ அங்க இருக்கேல்ல, நீ முடிவு எடு."

"எடுத்துட்டேன் சார். அவன் சொன்னா ஓடும்."

வைத்துவிட்டார். வெளியே காற்று ஏறிக்கொண்டே இருந்தது. தொலைபேசி மறுபடி அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடித்து ஓய்ந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "அத்தான்." ஜாடி பிரித்த நாளுக்குப் பிறகு ஆ-கெங் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. "மேல நல்லா எறங்கிருச்சு. ஓட்டலாமா?"

அண்ணன் கருவியை வாயருகே கொண்டுபோனார்.

"என்னக் கேக்காதடா. நீ சொல்லு."

அந்தப் பக்கம் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"ஓட்டுங்க" என்றான்.

அண்ணன் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். நான் அழுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே, சிப்பி மேட்டுக்கு மேல், இறக்கை மெல்ல நகர்ந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. வாக்கி-டாக்கியைக் காதோடு வைத்துக்கொண்டு, அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.